மிளகாய் பறிக்கும் முன் வெறும் தண்ணீர் விட்டு உரத்தைக் கழுவினால் தரம் ஏறுமா?

ஏறாது. முப்பது சென்ட் மிளகாயில் செய்து பார்த்து, அந்த வருடத்து வத்தலைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட கனடா போன்ற நாடுகளில், அறுவடைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை விட்டு அலசுகிறார்கள், அதற்கு ‘ஃபிளஷிங்’ என்று பெயர், மாடித் தொட்டியில் இருக்கும் உங்கள் முண்டு (உருண்டை) மிளகாய்க்கும் அதைச் செய்தால் நிறமும் காரமும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் ராமநாதபுரம் கடலோரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் விடுவது உப்பு கலந்த போர்த் தண்ணீராகத்தான் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) இருக்கும். அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கஞ்சா விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கே அனுமதியில்லாமல் அதை வளர்ப்பது 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். நான் அந்தச் செடியைத் தொட்டதுகூட இல்லை. மிளகாயில் அடிபட்ட பிறகு, இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஓர் உர நிறுவனம் ஒரே ரகத்தை நான்காகப் பிரித்து 14 நாள், 10 நாள், 7 நாள் அலசியதையும், அலசாமலே விட்டதையும் ஒப்பிட்டது. எடையிலோ போதைச் சத்திலோ வாசனையிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உரம் விற்பவன் உரத்தை நிறுத்தச் சொல்வானா என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் செடியின் உடம்பை யோசித்தாலே விஷயம் விளங்கும். வேர் உறிஞ்சிய தழைச்சத்து உள்ளே போய்ப் புரதமாக, பச்சையமாக மாறிவிடுகிறது. வெளியிலிருந்து எத்தனை குடம் ஊற்றினாலும் அதைக் கழுவி எடுக்க முடியாது. தண்ணீர் கழுவுவது மண்ணில் தங்கிய உப்பை மட்டும்தான். அதுவும் ஊற்றுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால்.

என் கதை அங்கேதான் இடறியது. எங்கள் நிலம் தேவிபட்டினத்துக்கு மேற்கே. ஐப்பசி மழையை நம்பி விதைப்போம், மாசியில் பழம் வரத் தொடங்கும். அந்த வருடம் ஒரு வீடியோவில், பறிப்புக்கு முன் பத்து நாள் தண்ணீரால் அலசினால் வத்தல் ‘சுத்தமாக’ வரும், வெளிநாட்டுக்காரன் வாங்குவான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பினேன். மோட்டாரைப் போட்டு, ஒதுக்கி வைத்த முப்பது சென்ட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கட்டினேன். அப்பா வரப்பில் வந்து நின்றார்.

“ஏண்டா, பழம் பழுக்குற நேரத்துல எவனாச்சும் சவருத் தண்ணிய இப்புடிக் கட்டுவானா?”

“உரத்தக் கழுவுறேன்ப்பா.”

“உப்ப விட்டு எதக் கழுவுவ?”

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மோட்டாரை நிறுத்தவில்லை. ஆறாம் நாள் அடி இலைகளின் ஓரம் தீய்ந்தது. காலையில் பார்த்தால் பாத்தி முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது. தண்ணீர் வற்றிய இடத்தில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மிளகாய் உப்பைத் தாங்குகிற பயிர் இல்லை. வேரில் தண்ணீர் தேங்கினாலும் தாங்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் நான் கொடுத்திருக்கிறேன்.

பறித்த பழமும் சரியில்லை. நல்ல முண்டு வத்தலைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். உருண்டை அப்படியே நிற்கும், தோல் கருஞ்சிவப்பாக மினுங்கும். இந்தப் பழம் நீர் கோத்து, காயவே நாள் எடுத்தது. காய்ந்ததும் ஒட்டிப்போய், ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் வெளுப்புமாகக் கிடந்தது. அம்மா களத்தில் குத்தவைத்து, வெளுத்ததைப் பொறுக்கிப் பொறுக்கி முந்தானையில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானை நிறைந்தது, எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

கமிஷன் கடைக்குக் கொண்டுபோனதில் வெள்ளை வத்தல் விலைதான் கிடைத்தது. அதுகூடப் பரவாயில்லை. இதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆறவில்லை. மூட்டையைப் பிரித்ததும் வருகிற ஒவ்வொருவரும் ‘மாதிரி’ என்று கை நிறைய அள்ளுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பப் போட வேண்டாமா? அது அப்படியே அவர்கள் பைக்குள் போகிறது. அதற்கு மேல் எடையில் கழிவு வேறு. 2023இல் எங்கள் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே சந்தோஷப்பட்டோம். ஆனால் மாதிரி அள்ளுகிற கையை அந்தக் குறியீடு தடுக்கவில்லை. வியாபாரிகள் எல்லோரையும் சொல்லவில்லை, நேர்மையாக எடை போடுகிறவர்களும் உண்டு. நான் பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் தொட்டிக்கு வருகிறேன். உரத்தை நிறுத்துவதும் அலசுவதும் வேறு வேறு. பழம் திரண்ட பிறகு யூரியா போடாதீர்கள். போட்டால் செடி இலையாகத் தழைக்கும், பழுப்பது தள்ளிப்போகும், இலைப்பேனும் அசுவினியும் வந்து அடையும். தண்ணீரைக் கூட்டாமல், செடி வாடிவிடாத அளவுக்குக் கொஞ்சம் குறையுங்கள். லேசாகத் தண்ணீர் குறைந்து காய்ந்த செடியின் பழத்தில் காரம் ஏறி இருப்பதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். எல்லா ரகத்துக்கும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

நிறம் வேண்டுமென்றால் பறிப்பதையும் காயவைப்பதையும் கவனியுங்கள். முழுக்கச் சிவந்து தோல் லேசாகத் தளர்ந்த பிறகு பறியுங்கள். அரைப் பழத்தைக் காயப்போட்டால் அது வெளுக்கத்தான் செய்யும். ஓர் இரவு நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல வரும். பிறகு சுத்தமான தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் காயப்போடுங்கள். சாயங்காலம் மூடியே ஆக வேண்டும். நம் கரையில் இரவுப் பனியோடு உப்புக்காற்றும் இறங்கும், ஈரம் பட்ட வத்தலில் பூஞ்சணம் பிடித்தால் அது உடம்புக்கே விஷம். நூறில் பத்துப் பங்குக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பார்கள். எங்களுக்கு அளவு அந்தக் கிலுகிலுப்புதான்.

தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்பு, உரத்தின் உப்பும் சேர்ந்திருக்கலாம். அதை அலசத்தான் வேண்டும், ஆனால் பறிக்கும் முன் இல்லை, பூ எடுப்பதற்கு முன். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிடித்து வைத்த மழைத்தண்ணீரை அடி வழியாக ஓடுகிற வரை நிதானமாக ஊற்றுங்கள், ஒரே ஒரு தடவை போதும். பழம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் இந்த வருடம் அதைத் தொடாதீர்கள். விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.