இடுப்பு ஜவ்வு விலகலுக்குக் கைரோபிராக்டிக்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 ஜவ்வு (இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கு அடியில் இருப்பது) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை தருபவரிடம்) போனால் அதை உள்ளே தள்ளிவிடுவாரா?

தள்ள முடியாதுங்க. பிதுங்கிய ஜவ்வைக் கையால் பழைய இடத்துக்குக் கொண்டுபோக யாராலும் ஆகாது. முதுகைத் திருப்பி அழுத்தும்போது கேட்கும் 'டப்' சத்தம் ஜவ்வு உள்ளே போவதால் வருவதல்ல. முள்ளெலும்புகளின் பின்பக்கம் இருக்கும் சிறு மூட்டுகளின் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. விரலில் சொடக்கு எடுக்கும்போது நடப்பதும் இதுதான்.

ஆனால் வலி குறையலாம், அது உண்மை. இறுகிய தசை தளர்கிறது, வலியை நரம்பு மண்டலம் உணரும் விதமும் கொஞ்ச நேரத்துக்கு மாறுகிறது. இத்தாலியில் 102 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் வெளியானது. எல்லோருக்கும் ஜவ்வு பிதுங்கலும் புதிதாக வந்த கால் வலியும் இருந்தன. உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கால் வலி முழுதாக நின்றது. சும்மா செய்வதுபோல் பாவனை காட்டப்பட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. ஒற்றை ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கிவிடக் கூடியதல்ல. வலியைக் குறைக்கும் ஒரு வழி என்று எண்ணிப் போனால் சரி. ஜவ்வை ஏற்றிவிடுவேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் ஜவ்வு எப்படித்தான் சரியாகும்?

பெரும்பாலும் உடம்பே சரிசெய்துகொள்கிறது. வெளியே வந்த பகுதியை நோய் எதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாகப் பார்த்து மெல்ல மெல்லக் கரைக்கின்றன. கேட்க வியப்பாக இருக்கும், சின்னப் பிதுங்கலைவிட, பெரிதாக வெளியே வந்து துண்டாகிப்போன ஜவ்வுதான் நன்றாகக் கரைகிறது! அதனால் ரிப்போர்ட்டில் 'பெரியது' என்று படித்ததும் உடைந்துபோக வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு நல்ல முன்னேற்றம் தெரியும். அதுவரை படுத்தே கிடக்காமல் தாங்கும் அளவுக்கு நடங்கள்.

ஸ்கேன் எடுக்காமலே கைரோபிராக்டிக் செய்துகொள்ளலாமா?

அபாய அறிகுறி இல்லையென்றால் முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் அவசியமில்லை. வலியே இல்லாதவர்களுக்கும் எம்.ஆர்.ஐ.யில் பிதுங்கல் தெரிவது சாதாரணம். ஆனால் காலின் பலம், தொடு உணர்ச்சி, சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல், இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் உங்கள் முதுகில் கை வைக்கக் கூடாது.

என் கணவருக்கு மூன்று சிட்டிங் முடிந்தது. வலி குறைந்திருக்கிறது, ஆனால் கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, நடக்கும்போது பாதம் தரையில் தட்டுகிறது. தொடரலாம் என்கிறார்கள்.

தொடர வேண்டாம் அம்மா. இன்றைக்கே எலும்பு சிகிச்சை நிபுணரிடமோ நரம்பியல் அறுவை மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். வலி குறைந்து பலமும் குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை, நரம்பு செயலிழந்துகொண்டிருக்கலாம். ஜவ்வு விலகலில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான், வலியை மட்டும் பார்த்துக்கொண்டு பலத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் நினைவில் வையுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, சிறுநீரோ மலமோ தன்னை அறியாமல் கசிவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் சேர்ந்து பலமிழப்பது. இதில் ஒன்று வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான், நடு ராத்திரியாக இருந்தாலும். தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. அறுவை சிகிச்சை தாமதமானால் அந்தக் குறை நிரந்தரமாகலாம்.

அம்மாவுக்கு 68 வயது. எலும்பு மெலிவு இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். செய்யலாமா?

வேகமாக உந்தித் திருப்பும் முறை கூடவே கூடாது. எலும்பு முறியலாம், உள்ளே ரத்தம் கசியலாம். மடங்கும் மேசையில் படுக்கவைத்து இடுப்பை மெதுவாக இழுத்து வளைக்கும் முறை ஒன்று உண்டு. அதைக்கூட அவருடைய மருத்துவர் சம்மதித்த பிறகே யோசியுங்கள். முதுகெலும்பில் புற்றுநோயோ கிருமித் தொற்றோ இருப்பவர்களுக்கும் உந்தும் முறை ஆகாது.

நாற்பது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்களே?

கட்டாதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலன் தெரியவில்லையென்றால் அதே சிகிச்சையை நீட்டிப்பதில் அர்த்தமில்லை. பலன் இருக்கிறதா என்பதை, கால் வலி எதுவரை இறங்குகிறது என்று வைத்துப் பாருங்கள். கெண்டைக்கால் வரை இருந்த வலி தொடைக்கு ஏறி, அப்புறம் இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் சரி. இடுப்பில் இருந்தது பாதத்துக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது. பயிற்சியே சொல்லித்தராமல் மேசையில் படுக்கவைத்து அனுப்பும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

இடுப்புக்குப் போனேன், கழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறேன் என்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடுப்பு ஜவ்வுக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. அரிதாக என்றாலும், கழுத்தைத் திருப்பிய பின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. சம்மதம் தராத எதையும் செய்யக் கூடாது என்று படுப்பதற்கு முன்பே சொல்லுங்கள், படுத்த பிறகு சொல்ல நேரம் கிடைக்காது.