பழைய பள்ளியின் பெயரை மாற்றுகிறார்கள்: எங்கே போய், எதைக் காட்டிப் பேசுவது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் நாங்கள் படித்த அரசு தமிழ் உயர்நிலைப் பள்ளிக்கு, காலமான ஓர் அரசியல் தலைவரின் பெயரை வைக்கப் பஞ்சாயத்தில் பேச்சு நடக்கிறது. இப்போதுள்ள பெயரில் ஊர்ப் பெயரும் ‘தமிழ்’ என்ற சொல்லும் உண்டு. புதுப் பெயரில் இரண்டும் இல்லை. பழைய மாணவர்கள் இதைத் தடுக்க முடியுமா? எங்கள் எஸ்.எஸ்.எல்.சி. செல்லாமல் போகுமா?

பதில்: சான்றிதழ் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். பெயர் மாறினாலும் உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அப்படியே செல்லும். அது கொடுத்த நாளில் பள்ளிக்கு என்ன பெயரோ அதுதான் அதில் இருக்க வேண்டும். பொள்ளாச்சியிலோ கோவையிலோ வேலைக்குப் போகும்போது யாராவது சந்தேகம் கேட்டால், இரண்டு பெயரும் ஒரே பள்ளிக்கு உரியவை என்று தலைமையாசிரியர் (எச்.எம்.) தரும் கடிதமும் அரசு உத்தரவின் நகலும் போதும். மனுவில் இதைக் காரணமாக எழுதாதீர்கள். அதற்கு மட்டும் ஒரு வரி பதில் எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

தடுப்பதென்றால், உத்தரவு வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும். கேரளத்தில் 1995-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கும் போயின. உங்களுடையது உயர்நிலைப் பள்ளி. ஆகவே ஊர்ப் பஞ்சாயத்தோடு நின்றுவிடாமல் பாலக்காட்டில் மாவட்டப் பஞ்சாயத்துக்கும் போங்கள். தீர்மானம் போட்டவுடனே பெயர் மாறிவிடாது. பொதுக்கல்வித் துறையில் அரசு உத்தரவு வர வேண்டும். உங்களுக்கு இருக்கும் அவகாசம் அதுவரைதான்.

தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் அதே நாளில் நிவேதனத்தையும் (மனுவையும்) கொடுத்து, இன்வார்டு எண் (வரவுப் பதிவு எண்) போட்ட ரசீது வாங்குங்கள். நிவேதனத்தைத் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. நம்மவர்கள் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி, எதைக் காட்டிப் பேசுவது? “எங்கள் நினைவுகள்” என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட ஒரு பழைய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், பலமானது. நம் பக்கத்துப் பள்ளிகள் பல, யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த நிலத்தில் நிற்கின்றன. அந்தத் தான ஆதாரத்தின் சான்று நகலை சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் எடுங்கள். 1956-க்கு முந்திய ஆதாரமாக இருந்தால் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) போட்டிருக்கலாம். சித்தூர் அன்று கொச்சி ராஜ்யத்தில் இருந்த பகுதி. கொல்லம் 1120 என்றால் 1944-45. 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள். “தமிழ்ப் பிள்ளைகள் படிக்க”, “இன்ன பெயரில் பள்ளி நடத்த” என்று நிபந்தனை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். இருந்தால் அதைவிட நல்ல பிடி வேறு இல்லை. அதன் நகலை நிவேதனத்தின் முதல் இணைப்பாக வையுங்கள். அப்புறம், பள்ளியின் முதல் அட்மிஷன் ரிஜிஸ்டர். எச்.எம். அனுமதியோடு அதன் முதல் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி யாருக்காகத் தொடங்கியது என்பதற்கு அதுவும் சாட்சி.

‘தமிழ்’ என்ற சொல் போவதைத் தனியாக, அழுத்தி எழுதுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பெயர் மாறியபோது பலகையைப் புதிதாக எழுதினார்கள். பழையதில் மேலே மலையாளம், கீழே தமிழ். புதியதில் மலையாளமும் ஆங்கிலமும்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலில் நின்று எழுத்துக் கூட்டப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. “சார், நம்ம ஸ்கூல் பேர் எங்கே?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. பெயர்ப் பலகையைப் பற்றி அதில் நேராக ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு தமிழ்ப் பள்ளியின் அடையாளம் கரைவதை அந்தப் பிரிவோடு சேர்த்து வைத்துப் பேசலாம். மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பூர்வ வித்யார்த்தி சங்கம் (பழைய மாணவர் சங்கம்) எவ்வளவு பெரியதானாலும் இப்போது பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் குரலுக்குத்தான் எடை அதிகம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டால் உங்கள் நிவேதனம் இரண்டு மடங்கு பலம் பெறும். உள்ளூரில் ஓட்டு உள்ளவர்கள் கிராமசபையிலும் எழுப்பலாம். அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

எர்ணாகுளம் ஹைகோர்ட் கடைசி வழி. பெயர் வைப்பது அரசின் கொள்கை முடிவு என்று கோர்ட்டுகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். நிவேதனத்தைக் கேட்டு முடிவெடுங்கள் என்று கோர்ட்டை அரசிடம் சொல்ல வைக்கலாம். அதற்கும் அந்த இன்வார்டு ரசீது கையில் இருக்க வேண்டும்.

அந்தத் தலைவரைக் குறைத்து ஒரு சொல்லும் பேசாதீர்கள். புதுக் கட்டடத்துக்கோ நூலகத்துக்கோ அவர் பெயரை வைக்க நீங்களே எழுதிக் கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு மரியாதையாக இறங்கிவர ஒரு படி வேண்டும். அப்படியும் உத்தரவு வந்துவிட்டால், புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரையும் தமிழ் எழுத்தையும் பலகையில் வைக்கக் கேட்டு அடுத்த நிவேதனத்தை அன்றைக்கே கொடுங்கள்.