வெயில் ரத்தத்தில் இல்லை, தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் படித்த தமிழ். நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன், வயது 41. முதல்முறையாக கம்ரேட்ஸ் ஓட ஆசை, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையிலான அந்த நெடுந்தூர ஓட்டம். அதற்குத் தகுதி பெற ஒரு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். செப்டம்பரிலிருந்து ஒழுங்காக ஓடிவந்தேன். ஜனவரியில் காய்ச்சல். அது தீர்ந்ததும் ஜொகன்னஸ்பர்க்கில் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், ஐந்து வாரம் அங்கேயே இருந்துவிட்டேன். ஓட்டம் என்றால் எப்போதாவது ஏசி ஜிம்மில் ட்ரெட்மில்தான். போன வாரம் திரும்பினேன். வரும் ஞாயிறு மாரத்தான். 30 டிகிரி, புழுக்கமும் அதிகம் என்கிறார்கள். ஓடலாமா? உப்பு மாத்திரை எத்தனை போட வேண்டும்? ஓடும்போது தெம்புக்குச் சாப்பிட எந்த ஜெல் நல்லது? விட்டுப்போன பயிற்சிக்கு ஈடாக இந்த வாரம் ஒரு 32 கிலோமீட்டர் ஓடிவிடட்டுமா?

நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எனக்குப் பயமில்லை. நம் தாத்தாக்கள் கரும்புக் காட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள். தார் ரோட்டில் வெறுங்காலில் காவடி எடுத்தவன் நான். வெயில் நம் ரத்தத்திலேயே இருக்கிறது, இல்லையா அக்கா?

பிரகாஷ்

*

அன்புள்ள பிரகாஷ்,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெல் எதுவானாலும் சரி, உங்கள் வயிற்றுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும். உப்பு மாத்திரையை விடுங்கள். நம் ஊர் ஓட்டங்களில் வழியில் உப்பு தொட்ட உருளைக்கிழங்கு கொடுப்பார்கள், அது போதும். இந்த வாரம் 32 கிலோமீட்டரா? கூடவே கூடாது. ஐந்து வாரத்தில் போனதை ஐந்து நாளில் பிடிக்க முடியாது. அலுத்த கால்களோடு ஞாயிறு காலை போய் நிற்பீர்கள், அவ்வளவுதான். அம்மா எழுந்து நடக்கிறார்களா? அதை எழுதவே இல்லையே.

கடைசி வரி இல்லாவிட்டால் உங்களுக்குத் தனியாக நாலு வரி பதில் போட்டிருப்பேன். இந்த ரத்தப் பேச்சு சில மாதங்களாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. போன நவம்பரில் நம் முன்னோரின் முதல் கப்பல் இங்கே வந்த நாளை நினைவுகூரும் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் மேடையேறி இதையேதான் சொன்னார். நம் உடம்பு இரும்பாம், இந்த நேட்டால் மாகாணத்து வெயில் நமக்குத் தூசாம். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. எனக்குக் கை எழவில்லை.

இது முதலில் யார் வாயிலிருந்து வந்த பேச்சு என்று யோசித்தீர்களா? தோட்ட முதலாளியின் வாயிலிருந்து வந்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறக்கினார்கள். நம் தோல் வெயில் தாங்கும் என்பதற்காகவா? சூலு மக்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, மாடு இருந்தது. அற்பக் கூலிக்கு ஆண்டு முழுக்கக் கரும்பில் கிடந்து சாக அவர்களுக்கு என்ன தலையெழுத்து? ஐந்து வருட ஒப்பந்தத்தில் கட்டிப்போட ஆள் தேவைப்பட்டது, நம்மைக் கொண்டுவந்தார்கள். அதை அப்படியே வெளியில் சொல்ல முடியுமா? வெப்ப நாட்டுக்காரனுக்கு வெயில் உறைக்காது என்ற சமாதானம் வசதியாக இருந்தது. கரும்பு விளைந்த காலனி எங்கும் இதே பாட்டுதான். அதை இன்று நம் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வதைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வடக்குக் கடற்கரையில் ஒரு தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த பாரக்ஸில் பிறந்தவள். வெயில் பழகிவிட்டது என்று அவள் சொல்லி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. கரும்புத் தோகை அறுக்கும் என்று கையையும் காலையும் சாக்குத் துணியால் சுற்றிக்கொண்டு இறங்குவார்களாம். அந்தச் சுற்றுக்குள் வேர்வை காயவே காயாது. அவளுடைய அண்ணன், மீசை அரும்பாத பையன், ஒரு மத்தியானம் வரிசை நடுவில் உட்கார்ந்துவிட்டான். வேலை வாங்கும் சர்தார் ஏசினான் என்று எழுந்தான். நாலு கரும்பு வெட்டினான், மறுபடியும் உட்கார்ந்தான். சாயங்காலம் மாட்டு வண்டியில்தான் வந்தான். காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்கள். ஆயா இதைச் சொல்லும்போது அழமாட்டாள், கோபப்படுவாள். "தண்ணி வாளி அந்தக் கோடியில இருந்துச்சு, இவன் இந்தக் கோடியில இருந்தான்" என்பாள். எத்தனை முறை சொன்னாலும் அந்த வாளியில்தான் வந்து நிற்பாள்.

நம் தாத்தாக்கள் தாங்கினார்கள் என்கிறீர்கள். தாங்கியவர்களுக்குத்தான் பேரப்பிள்ளைகள் இருக்கிறோம். அந்தப் பையனுக்கு இன்று கடிதம் எழுதப் பேரன் கிடையாது. அதனால்தான் கதையைத் திரும்பிப் பார்த்தால் எல்லோருமே தாங்கிய மாதிரி தெரிகிறது.

நீங்கள் ஆசைப்படும் கம்ரேட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் 34 பேரோடு தொடங்கிய ஓட்டம். 1975 வரை வெள்ளையர் அல்லாதவருக்கும் பெண்களுக்கும் அதில் அதிகாரபூர்வமாக இடமில்லை. 1935-இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பர் ஓடி முடித்தார். கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கரும்புக் காட்டில் வெட்டவும் சுரங்கத்தில் தோண்டவும் ஏற்ற உடம்பு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாலையில் ஓட மட்டும் ஏற்றதில்லை என்றாகிவிட்டது. நம் உடம்பைப் பற்றி அடுத்தவர் போட்ட கணக்கு எப்போதும் அவருக்கு வேண்டியபடிதான் வரும். அதில் பாதியைப் பெருமை என்று எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

சுரங்கம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கறுப்பு உடம்பு எந்தச் சூட்டையும் தாங்கும் என்று நம்பினால் லாபம் யாருக்கு? ஜொகன்னஸ்பர்க் தங்கச் சுரங்க முதலாளிகளுக்குத்தான். ஆனால் சுரங்கம் ஆழமாகப் போகப்போக, 1920-களில் ஆட்கள் சூட்டில் விழுந்து சாக ஆரம்பித்தார்கள். 1930-களில் டிரியோஸ்டி என்ற மருத்துவர் புதிதாக வருபவர்களைச் சூடான ஈர அறையில் வேலை செய்யவைத்து, யாருக்கு உடல் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி ஏறியது. பின்னாளில் விண்டம் என்ற உடலியல் நிபுணரின் ஆய்வுக்கூடம் இதை ஒரு முறையாகவே ஆக்கியது. சூட்டறைக்குள் படி ஏறி இறங்கு, ஏறி இறங்கு என்று நாள்கணக்கில் பழக்கிய பிறகுதான் கீழே அனுப்பினார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவனையும் மறுபடி பழக்கத்தான் வேண்டியிருந்தது. இதை இன்னொரு தடவை படியுங்கள், பிரகாஷ். பரம்பரை பரம்பரையாக ஆப்பிரிக்க வெயிலில் வாழ்ந்தவன், நேற்றுவரை அதே சுரங்கத்தில் கிடந்தவன், சில வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் அவன் உடம்பு சூட்டை மறந்திருந்தது.

நீங்களும் இப்போது ஊருக்குப் போய்த் திரும்பியவர்தான்.

உடம்பு சூட்டுக்குப் பழகுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். தொடர்ந்து சூட்டில் வேலை செய்தால் முதல் வாரத்திலேயே ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும். தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் அவ்வளவாகத் திணறாது. வேர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். பத்துப் பதினான்கு நாளில் பெரும்பகுதி வந்துவிடும். விட்டுவிட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் போயும்விடும். ஜொகன்னஸ்பர்க்கின் காற்று உலர்ந்தது, வேர்வை உடனே காயும், சாயங்காலம் குளிர்ந்துவிடும். டர்பன் புழுக்கத்தில் வேர்வை சொட்டித் தரையில் விழும். விழுந்த வேர்வை உடம்பைக் குளிர்விக்காது, காய்ந்தால்தான் குளிர்விக்கும். ஏசி ட்ரெட்மில் உங்களுக்கு இதில் எதையும் கற்றுக்கொடுத்திருக்காது.

காவடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டு வாசலிலும் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்துக் காவடிக்காரர்களின் காலில் ஊற்றியிருக்கிறோம். பக்கத்தில் தம்பியோ மாமாவோ கைபிடிக்க வருவார். நிழல் கண்டால் நிற்பார்கள், மேளத்துக்கு ஆடிக்கொண்டு மெதுவாக நடப்பார்கள். முருகன் கையில் கடிகாரம் கிடையாது. 4 மணி 50 நிமிடம் என்று துரத்தும் ஓட்டம் வேறு விஷயம்.

நான் செவிலியாக வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஓட்ட நாட்களில் சாலையோர முதலுதவிக் கூடாரத்தில் நிற்பேன். ஒரு முறை உங்கள் வயதிருக்கும் ஒருவர் எங்கள் கூடாரத்துக்கு எதிரே நின்று தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடிக்கப் பார்த்தார். பாக்கெட் வாய்க்குப் போகவில்லை, கன்னத்தில் போய் இடித்தது. மறுபடியும் கன்னத்திலேயே. சட்டை முழுக்க நனைந்திருந்தது. வேர்வை நின்றுவிட்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடுகிறவர்களுக்கு அது பொருந்தாது, கொட்டக் கொட்ட வேர்த்துக்கொண்டே விழுவார்கள். பெயரைக் கேட்டேன். "கார் சாவி சமையலறையில் இருக்கு" என்றார். நாலு பேராகத் தூக்கிக் குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்து, ஐஸையும் தண்ணீரையும் கழுத்துவரை கொட்டினோம். உடம்பின் உள் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்ததும் அப்போதே ஏற்றச் சொன்னார்கள். கூடாரத்து டாக்டர் விடவில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். அவர் பிழைத்துக்கொண்டார். ஐஸுக்குள் உட்கார்ந்து நினைவு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்பது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஏசிவிட்டேன். உங்களையும் அதே ஆத்திரத்தில்தான் ஏசுகிறேன்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால். ஓடுகிறவர்கள் போதுமான அளவு குடிப்பதில்லை என்று 1969-இல் விண்டமும் ஸ்ட்ரைடமும் எழுதினார்கள். அது உலகமெங்கும் பரவி, முடிந்த அளவு குடி என்று ஆகிவிட்டது. 1985-இல் கேப் டவுனைச் சேர்ந்த டிம் நோக்ஸும் அவர் சகாக்களும் அளவுக்கு மேல் குடித்து ரத்தத்தில் சோடியம் குறைந்து விழுந்த ஓட்டக்காரர்களைப் பற்றி எழுதினார்கள். இரண்டு ஆய்வும் நம் நாட்டிலிருந்து போனவை. தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் வாய் நனைத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ புரூஃபென் மாதிரி வலி மாத்திரை எதையும் தொடாதீர்கள். சூட்டில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

ஞாயிறு ஓடலாமா என்று கேட்டீர்கள். 42 கிலோமீட்டர் ஓடாதீர்கள். 4 மணி 50 நிமிடத்துக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 52 நொடி வேண்டும். ஐந்து வாரம் விட்ட கால், பழக்கம் போன உடம்பு, 30 டிகிரி, இத்தனையும் சேர்ந்து நிற்கும்போது அந்த வேகத்தைப் பிடிக்கத்தான் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். போயே ஆக வேண்டும் என்றால் 21 கிலோமீட்டருக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் பாதி வழியில் வந்து கூட்டிப்போக ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் போங்கள். தண்ணீர் கொடுக்கும் இடமெல்லாம் நடங்கள். தலைசுற்றினாலோ, வேர்வையோடு உடம்பு சில்லிட்டுச் சிலிர்த்தாலோ அங்கேயே உட்காருங்கள்.

ஏப்ரலிலும் தகுதி ஓட்டங்கள் இருக்கின்றன. அதற்குள் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். காலை பத்து மணி வெயிலில் ஒரு மணி நேரம், மெதுவாக, வாரத்தில் ஐந்து நாள் ஓடுங்கள். கூட ஒரு ஆள் இருக்கட்டும். ஜனவரிக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு டாக்டரிடம் நெஞ்சைக் காட்டினீர்களா? காட்டாவிட்டால் அது முதல் வேலை, ஓட்டமெல்லாம் அப்புறம். டாக்டர் சரி என்றதும் எந்த ஓட்டம் என்று எழுதுங்கள். அது கடற்கரைப் பக்கமாக இருந்தால் நான் எந்த இடத்தில் நிற்பேன் என்று சொல்கிறேன். அம்மாவைப் பற்றியும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா