இரண்டு கேமரா இருக்கும்போது மூன்றாவது எதற்கு?

கேள்வி: என் கணவர் தளவாட நிறுவனம் ஒன்றில் முழுநேர வேலை பார்க்கிறார். வார இறுதிகளில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று படம் எடுக்கப் போவார். ஆண்டுக்கு ஏறக்குறைய 20 நிகழ்ச்சிகள் வரும். போக்குவரத்து, உதவியாளர், ஆல்பம் செலவு எல்லாம் போக ஒரு நிகழ்ச்சிக்கு 600 சிங்கப்பூர் வெள்ளி நிற்கிறது. ஏற்கெனவே இரண்டு கேமரா பாடியும் (லென்ஸ் சேராத கேமரா) நான்கு லென்ஸும் (மி.மீ. கணக்கில் 24-70, 70-200, 35, 100 மேக்ரோ) வைத்திருக்கிறார். பழைய பாடி வாங்கி ஐந்து ஆண்டாகிறது. இப்போது 4,300 வெள்ளிக்கு இன்னொரு பாடியும், 2,500 வெள்ளிக்கு 85 மி.மீ. லென்ஸும் கடன் அட்டைத் தவணையில் வாங்கப்போவதாகச் சொல்கிறார். எங்கள் சேமிப்பு 9,000 வெள்ளி, மாதச் செலவு 4,500. ஏன் என்று கேட்டால் "தொழிலுக்கு வேண்டும், வரியிலும் கழித்துக்கொள்ளலாம்" என்கிறார். இது தொழிலா, ஆசையா? இந்தச் சாமான்களுக்கெல்லாம் எங்கள் வீட்டுக் காப்புறுதி போதுமா?
ஈசூன் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, இப்போது வீட்டில் இருக்கும் இரண்டு பாடிகளையும் நான்கு லென்ஸ்களையும் பற்றி நீங்கள் மனம் வருந்த வேண்டாம். கல்யாணப் படம் எடுப்பவருக்கு அது அளவான கருவித்தொகுப்பு. புதிதாகக் கேட்பதைப் பற்றித்தான் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன.

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் ஒரு முகூர்த்தத்தை எண்ணிப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை சில வினாடிகள்தான். அதற்குள் மாப்பிள்ளையின் கைவிரல்கள், மணப்பெண்ணின் முகம், அட்சதை தூவும் கூட்டம் என எல்லாமே படத்தில் வர வேண்டும். கூட்டத்தை அகலமாக எடுக்க 24-70 லென்ஸ் வேண்டும், தூரத்து முகத்தை நெருக்கமாகக் காட்ட 70-200 வேண்டும். ஒரே பாடியில் இதைக் கழற்றி அதை மாட்டுவதற்குள் தாலி ஏறிவிடும். அதனால்தான் தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று இரண்டு பாடிகளைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். லென்ஸை அடிக்கடி கழற்றாமல் இருந்தால் படம் பதியும் சென்சாரில் தூசி விழுவதும் குறையும்.

இன்னொரு காரணம் பழுது. நிகழ்ச்சி நடுவே ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) நின்றுபோனால் மீண்டும் தாலி கட்டச் சொல்ல முடியாது. நாதஸ்வர வித்வான் வாத்தியத்தில் உபரிச் சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பாரே, இரண்டாவது பாடியும் அதே போலத்தான். என் பார்வையில், ஒரே பாடியோடு கல்யாணத்துக்கு முன்பணம் வாங்குபவர் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் அவர்கள் தலையில் ஓர் ஆபத்தை ஏற்றிவைக்கிறார். உங்கள் கணவர் அப்படிச் செய்யவில்லை. அவருடைய பொறுப்புணர்வு அதில் தெரிகிறது.

லென்ஸ் சேர்வதற்கும் காரணம் உண்டு. ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. மோதிரத்தின் கல்லை நெருங்கி எடுக்க மேக்ரோ, இடுக்கமான வீட்டு அறையில் நலங்கு எடுக்க 35. மங்கலான மண்டபத்தில் எஃப் 2.8 திறப்புள்ள லென்ஸ் (எண் சிறிதானால் திறப்பு பெரிது), எஃப் 5.6 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். விலை ஏறுவது அந்த ஒளிக்காகத்தான். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமல் உலர்பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துக் காப்பாற்றினால் நல்ல லென்ஸ் பல ஆண்டு உழைக்கும், விற்றாலும் கௌரவமான விலை கிடைக்கும். பாடி அப்படியல்ல. அடுத்த மாடல் வந்ததும் அதன் மதிப்பு சரியும்.

இனி கணக்குக்கு வருவோம். பாடி ஒன்றை 3,400 வெள்ளிக்கு வாங்கி ஐந்து ஆண்டு கழித்து 900-க்கு விற்பதாக வைத்துக்கொண்டால் தேய்மானம் ஆண்டுக்கு 500. இரண்டு பாடிக்கு 1,000. லென்ஸ் ஒன்றுக்குச் சராசரி 2,400 கொடுத்து, எட்டு ஆண்டு பயன்படுத்திப் பாதி விலைக்கு விற்றால் ஆண்டுக்கு 150. நான்குக்கு 600. மொத்தம் 1,600 வெள்ளியை 20 நிகழ்ச்சிகளுக்குப் பிரித்தால் தலா 80. ஆக, கையில் நிற்கும் 600-இல் 80 வெள்ளியை ஒவ்வொரு முறையும் கருவிகளே தின்றுவிடுகின்றன. உண்மையான வருமானம் 520. இந்த 80 வெள்ளியை யாரும் பில் போட்டுக் கேட்பதில்லை. அதனால் பல வீடுகளில் அது மளிகையிலும் பள்ளிச் செலவிலும் கரைந்துபோகிறது. ஐந்தாம் ஆண்டில் கடன் அட்டை வெளியே வருவது அதனால்தான். உங்கள் வீட்டுச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேமரா எத்தனை என்பது அதற்கு அடுத்த கேள்வி.

புதிய பாடி தேவையா? ஒரு நிகழ்ச்சிக்கு 2,500 படம் எடுப்பார் என்று கொண்டால், ஆண்டுக்கு 50,000. இரண்டு பாடிகளும் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்கு 25,000. நடுத்தர, உயர்தர பாடிகளின் ஷட்டருக்கு 150,000 முதல் 200,000 முறை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். அதைத் தாண்டியும் ஓடலாம், முன்பே நிற்கவும் செய்யலாம். ஐந்து ஆண்டுப் பாடி இப்போது 125,000 பக்கம் இருக்கக்கூடும். ஓரிரு ஆண்டில் அதை மாற்றுவது நியாயம். ஆனால் மாற்றுவது வேறு, கூட்டுவது வேறு. புதியது வந்தால் பழையது விற்பனைக்குப் போக வேண்டும். மூன்றாவதாக உலர்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பாடி ஒரு வெள்ளிகூடச் சம்பாதிக்காமல் மதிப்பை மட்டும் இழந்துகொண்டிருக்கும். வாங்குவது இப்போதுள்ள லென்ஸ்கள் பொருந்தும் அதே மவுண்டில் (லென்ஸ் மாட்டும் இணைப்பு) இருக்கட்டும். வேறு நிறுவனத்துக்குத் தாவினால் நான்கு லென்ஸையும் மறுபடி வாங்கும் நிலை வரும்.

85 லென்ஸ் விஷயத்தில் அவரிடம் ஒரு வேலை கேளுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் கடந்த ஆண்டுப் படங்களை லென்ஸ் வாரியாகவும் குவியத் தூரம் (35, 85 போன்ற மி.மீ. எண்) வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்குக் கொடுத்த படங்களில் 70-200 லென்ஸால் 85-ஐ ஒட்டி எடுத்தவை எத்தனை? நிறைய இருந்தால் அவர் கேட்பதில் பொருள் இருக்கிறது. அப்போதும் எஃப் 1.4-க்குப் பதில் எஃப் 1.8 வாங்கலாம். ஒளியில் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), விலையோ பல நிறுவனங்களில் பாதிக்கும் கீழே. சில படங்கள்தான் என்றால் தேவைப்படும் நாளுக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் உள்ள கேமரா கடைகளில் பழைய லென்ஸும் கிடைக்கும். விளக்கொளியை உள்ளே அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் மலிவு என்று யாராவது ஆசை காட்டினால், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்து திரும்புபவருக்கு 500 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரி விலக்கு, அதுவும் தொழிலுக்கல்லாத சொந்தப் பொருளுக்குத்தான் என்பதை நினைவூட்டுங்கள். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு விமான நிலையத்தில் 9 சதவீதம் கட்ட வேண்டும்.

"வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று அவர் சொல்வது சரி, ஆனால் அது சிறிய தொகை. சொந்தத் தொழில் செய்பவர் 5,000 வெள்ளிக்கு மேற்படாத கருவியின் முழு விலையையும் ஒரே ஆண்டில் மூலதனப் படியாக (கருவி விலைக்கான வரிக் கழிவு) கோரலாம். ஒரு வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு மொத்தம் 30,000 வரை உச்சவரம்பு. வீட்டுப் படங்களுக்கும் அதே கேமரா என்றால் தொழிலுக்குரிய பங்கை மட்டுமே கோரலாம். வரிக்குரிய வருமானம் 40,000-க்கும் 80,000-க்கும் இடையே இருந்தால் அந்த அடுக்கின் விகிதம் 7 சதவீதம். 4,300 வெள்ளி கேமராவுக்கு மிச்சமாவது 301 வெள்ளி. மீதி 3,999 உங்கள் வீட்டுப் பணம். ரசீதுகளை ஐந்து ஆண்டு பத்திரப்படுத்துங்கள். நிகரத் தொழில் வருமானம் ஆண்டுக்கு 6,000-ஐத் தாண்டுவதால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) சந்தாவும் உண்டு. அதை ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். முழுநேர முதலாளியின் அனுமதி கைவசம் இருப்பதும் நல்லது.

தவணை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வட்டியில்லாத் தவணை என்றாலும் ஒருமுறை தவறினால் கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல். உங்கள் சேமிப்பு இரண்டு மாதச் செலவுக்குத்தான் தாங்கும். மூன்று முதல் ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இங்கே பொதுவான வழிகாட்டுதல். பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போகும் மாதத்திலும் தவணைத் தேதி வரும்.

இப்படிச் செய்யுங்கள். புகைப்பட வருமானத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஒவ்வொரு 600-இலும் 150 வெள்ளி கருவிக்காக அங்கேயே தங்கட்டும். இன்னொரு 200 அவசரச் சேமிப்புக்குப் போகட்டும். பழைய பாடி 900-க்கு விற்றால் புதியதுக்கு இன்னும் 3,400 வேண்டும். 23 நிகழ்ச்சிகளில், அதாவது ஓராண்டுக்குச் சற்று மேல், அது சேர்ந்துவிடும். அதே காலத்தில் அவசரச் சேமிப்பில் 4,600 ஏறி மூன்று மாத அளவைத் தொடும். அதற்குள் பழைய பாடி நின்றுபோனால், சேமிப்பில் கை வைக்காமல் சில நிகழ்ச்சிகளுக்கு வாடகைப் பாடியோடு சமாளிக்கலாம். இந்தக் கணக்கை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். "தொழிலுக்கு வேண்டும்" என்பதற்கு எண்கள் கிடைத்துவிட்டால் வீட்டில் வாக்குவாதம் குறையும்.

கடைசியாகக் காப்புறுதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) தீக்காப்புறுதி வீட்டின் கட்டமைப்புக்குத்தான், உள்ளே இருக்கும் சாமான்களுக்கு அல்ல. தனியாக வாங்கும் வீட்டுப் பொருள் காப்புறுதியிலும் தொழிலுக்குப் பயன்படும் கருவிகளைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். கோயிலிலோ மண்டபத்திலோ திருடு போனால் பதில் சொல்ல மாட்டார்கள். பத்திரத்தை எடுத்து விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு, புகைப்படக் கருவிகளுக்கான தனிக் காப்புறுதிக்கு இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒவ்வொரு பாடி, லென்ஸின் வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் படமெடுத்து வைத்திருந்தால் விண்ணப்பிக்கும்போதும் இழப்பீடு கோரும்போதும் உதவும். ஆண்டுக் கட்டணத்தை அந்தத் தனிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.