இறந்தவர் பெயரில் உள்ள பாடசாலை பஸ்ஸை வாங்கி, பயணிக்கும் வீடாக மாற்றலாமா?

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளாகப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய 29 இருக்கை ரோசா பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்து, நானும் மனைவியும் ஊர் ஊராகப் போய்த் தங்கிவர ஒரு வீடாக மாற்ற விரும்புகிறேன். கனடாவில் இருக்கும் என் மைத்துனர் அங்கே மஞ்சள் பாடசாலை பஸ் ஒன்றை இப்படி மாற்றி வைத்திருக்கிறார். பஸ்ஸின் சொந்தக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அவருடைய மனைவிதான் விற்கிறார். மகள் திருமணமாகி ரொறன்ரோவில் இருக்கிறார், மகனுக்கு 16 வயது. 3 இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்துவிட்டேன், எழுத்தில் எதுவும் இல்லை. காலமானவர் உயிரோடிருந்தபோது கையொப்பமிட்டு வைத்த ஓபின் பேப்பர் (திகதியும் வாங்குபவர் பெயரும் நிரப்பாத கைமாற்றப் படிவம்) இருக்கிறது, அதில் திகதியைப் போட்டு என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறார் தரகர். மாற்றலாமா? பஸ்ஸை வீடாக மாற்றுவதற்கு அனுமதி வேண்டுமா?

பதில்:

அந்த ஓபின் பேப்பரில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றே தரகரிடம் திட்டமாகச் சொல்லிவிடுங்கள். ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுப் படிவத்தை இன்னொருவர் நிரப்பிக்கொள்ளலாம் என்ற இணக்கம், கையொப்பமிட்டவர் இறக்கும்போதே முடிந்துவிடுகிறது. அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின்னர் ஒரு திகதியைப் போட்டு, அன்று அவரே வாகனத்தைக் கைமாற்றினார் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் காட்டினால், அது தண்டனைச் சட்டக்கோவையின்படி பொய்யாவணம் புனைதல், அதனை உண்மையானதெனப் பயன்படுத்துதல் ஆகிய குற்றங்களுக்குள் வந்துவிடும். படிவத்தின் மறுபக்கத்தில் வாங்குபவராகக் கையொப்பமிடப் போகிறவர் நீங்கள். தரகரின் பெயர் அதில் எங்கும் இருக்காது. யாழ்ப்பாணத்தில் ஓபின் பேப்பரில் கைமாறிய வாகனங்கள் ஏராளம் என்பதும், பெரும்பாலானவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வாரிசுகளில் ஒருவர் முறைப்பாடு செய்தாலோ, வீதியில் ஒரு விபத்து நடந்தாலோ, முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது இறப்புச் சான்றிதழின் திகதியும் கைமாற்றப் படிவத்தின் திகதியும்தான்.

அடுத்து, பஸ் இப்போது யாருக்குச் சொந்தம் என்பது. காலமானவர் வடமாகாணத்துத் தமிழர் என்பதால், அவருடைய சொத்துக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைச் சட்டம் பொருந்தும். திருமணத்தின் பின் தன் உழைப்பில் வாங்கிய பஸ் என்றால் அது தேடியதேட்டம். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947 இல் செய்யப்பட்ட திருத்தமும் சொல்வதன்படி, மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தவரின் தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும். ஆகவே உங்களுக்கு விற்பவரிடம் இருப்பது அரைப் பங்கு மாத்திரமே. தனக்கு இல்லாத உரிமையை எவரும் விற்க முடியாது என்பது நமது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. எஞ்சிய அரைப் பங்குக்கு நீங்கள் கொடுக்கும் பணம் உங்களுக்கு உரிமை எதனையும் தராது.

மகளுக்குச் சீதனம் கொடுத்து மணமுடித்துவிட்டோம், ஆகவே அவருக்குப் பங்கில்லை என்று அந்த வீட்டில் யாராவது சொல்லக்கூடும். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் முதுசத்தில் (பெற்றோர் வழிச் சொத்தில்) உரிமை கோர முடியாது என்ற விதி தேசவழமையில் இருக்கிறது என்பது உண்மைதான். எனினும் கொடுத்தது சட்டப்படி சீதனமா, அன்பளிப்பா என்பதை ஒரு பஸ்ஸுக்காக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய நிலைக்கு நீங்கள் வரக்கூடாது. ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது; அங்கே அத்தாட்சிப்படுத்திய சத்தியக் கடதாசியையோ அற்றோணித் தத்துவத்தையோ (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மகள் அனுப்பினால் அந்தக் கதை அத்துடன் முடிந்துவிடும். 16 வயது மகனின் விடயம் அப்படியல்ல. 18 வயது நிறையாதவரின் சம்மதத்தைத் தாயார் தன் கையொப்பத்தாலேயே கொடுத்துவிட்டார் என்று விட்டுவிடாமல், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு ஒன்றின் மூலம் (மரணசாதனம் இல்லாவிட்டாலும் இதற்குப் பெயர் அதுதான்) இறந்தவரின் சொத்தை நிருவகிக்கும் அதிகாரம் தரும் நிருவாகக் கடிதத்தைப் பெற்று, மகனின் பங்கையும் நீதிமன்றத்தின் அனுமதியுடன் விற்பதுதான் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. சில மாதங்கள் இழுபடும். அந்தப் பையன் வயதுக்கு வந்தபின் வந்து கேள்வி கேட்காதிருப்பதற்கு அது அவசியம்.

நீங்கள் அனுப்பிய பதிவுச் சான்றிதழின் பிரதியை உருப்பெருக்கிப் பார்த்தேன். பதிவுசெய்த உரிமையாளரின் பெயருக்கு அப்பால், முழு உரிமையாளர் என்ற கூட்டில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறது. லீசிங் கட்டி முடிந்துவிட்டது என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை நீக்கும்படி நிறுவனம் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, அது பதிவில் நீங்கும் வரை உங்கள் பெயருக்கு மாற்ற இயலாது. கட்டி முடித்ததற்கான கடிதத்தை விற்பவரே பெற்றுத் தரவேண்டும் என்பதை உடன்படிக்கையில் நிபந்தனையாக எழுதுங்கள்.

முற்பணத்தைப் பற்றி. எழுத்தில்லாத உடன்படிக்கை ஒன்றின்மீது வழக்கிடுவதற்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் தருவது 3 ஆண்டுகள். கையொப்பமிட்ட எழுத்து இருந்தால் 6 ஆண்டுகள். ஆகவே கொடுத்த 3 இலட்சத்தைக் குறிப்பிட்டு, வாகன இலக்கம், எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட (சஸ்ஸி) இலக்கம், முழு விலை, எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் மீதி கொடுபடும், நிறைவேறாவிட்டால் எத்தனை நாட்களுக்குள் முற்பணம் திரும்பும் என்பவற்றை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மா மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் உங்களை ஏமாற்ற முற்படுகிறார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்தத் தடயமும் இல்லை. கணவர் ஓட்டிய பஸ் முற்றத்தில் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, தரகர் சொன்னதுதான் வழியென்று தோன்றியிருக்கும். பிணக்கு வந்தாலும், இந்தத் தொகைக்கு முதலில் போக வேண்டிய இடம் மத்தியஸ்த சபைதான்.

உடன்படிக்கையில் எழுதும் இலக்கங்களை பதிவுச் சான்றிதழைப் பார்த்து எழுதாதீர்கள். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அடிச்சட்டத்தின் கறையைத் துடைத்து, வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்து எழுத்தாக இலக்கம் தாளில் ஏறும். அதைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பத்திரங்கள் தொலைந்து, உதிரிப்பாகம் மாற்றி மாற்றி ஓடிய வாகனங்கள் நம் பகுதியில் உண்டு. வேறு வாகனத்தின் எஞ்சின் பொருத்தப்பட்டு, அது பதிவில் ஏறாமலே இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அழித்து அடித்த இலக்கமாகத் தெரிந்தால் மேற்கொண்டு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இனி மாற்றியமைத்தல். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல மாகாணங்களில், மஞ்சள் நிறத்தையும் பக்கத்தில் நீளும் நிறுத்தற் பலகையையும் அகற்றிவிட்டு, பழைய பாடசாலை பஸ்ஸை மோட்டார் வீடாக மறுபதிவு செய்வது வழமையாகிவிட்டது. இங்கே அப்படியொரு வழமை இல்லை. சட்டத்தில் இடமில்லை என்பது அதன் பொருளல்ல. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புள்ளிவிவரங்களிலேயே மோட்டார் வீடு ஒரு தனி வகையாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் உங்கள் பஸ் இன்று பதியப்பட்டிருப்பது 29 இருக்கை கொண்ட பயணிகள் பஸ்ஸாக. இருக்கைகளைக் கழற்றி, கட்டிலையும் தண்ணீர்த் தாங்கியையும் பொருத்திய அன்று, பதிவில் உள்ள விபரமும் வீதியில் நிற்கும் வாகனமும் ஒன்றல்ல என்றாகிவிடும். ஆகவே பஸ் உங்கள் பெயருக்கு வந்தபின், ஒரு பொறியியலாளர் வரைந்த வரைபடத்தோடும் எடைக் கணக்கோடும் ஆணையாளர் நாயகத்துக்கு விண்ணப்பித்து, எந்த வகையில் பதியப்படும், எத்தனை இருக்கைகள் என்ற பதிலை எழுத்தில் பெறுங்கள். கச்சேரியில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் வாகனப் பரிசோதகரிடம் வரைபடத்தை முன்கூட்டியே காட்டிப் பேசுவது நல்லது. எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை கராச்சில் ஒரு ஆணியும் கழற்றப்படக்கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ஒருவர், சிறிய பஸ் ஒன்றை நடமாடும் கடையாக மாற்றுவதற்கு அனுமதியை எதிர்பார்த்து முதலிலேயே வெட்டிவிட்டார். பக்கத் தகடுகள் அறுக்கப்பட்டு, இருக்கைகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பஸ்ஸாகத் தகுதிச் சான்றிதழ் பெற இருக்கைகள் இல்லை. கடையாகப் பதிய, அறுத்த இடம் பரிசோதகருக்குத் திருப்தி தரவில்லை. இதற்கிடையில் கராச்காரர் கூலிப் பாக்கிக்காக வாகனத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டார். செய்த வேலைக்குக் கூலி தீரும்வரை வாகனத்தைத் தடுத்து வைக்கும் உரிமை, நமது உரோமன் டச்சுச் சட்டத்தில் வேலை செய்தவருக்கு உண்டு. அதனால் கராச்சுடனும் கட்டங் கட்டமாக வேலையையும் பணத்தையும் குறித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எடைக் கணக்கைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ; அதைப் பின் சில்லுக்கு அப்பால் ஒரு பக்கமாக வைத்தால், கேரதீவுப் பக்கத்துக் காற்றில் வாகனம் உங்கள் கைக்கு அடங்காது. அடிச்சட்டத்தை நீட்டவோ அறுக்கவோ கேட்காதீர்கள்.

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் பி வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அது 3,500 கிலோ மொத்த எடையுடனும், சாரதி உட்பட 9 இருக்கைகளுடனும் நின்றுவிடும். ரோசா இன்றுள்ளபடி டி1 வகைக்குரியது. இருக்கைகளை நான்காகக் குறைத்தாலும் எடை குறையப் போவதில்லை என்பதால், பி வகையை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று எண்ணாதீர்கள். தகுதியில்லாத அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கும். காப்புறுதிக்கான முன்மொழிவுப் படிவத்திலும் மாற்றங்கள் முழுவதையும், எரிவாயு சிலிண்டர், மின்மாற்றி உட்பட, மறைக்காமல் எழுத வேண்டும்.

நீண்டகாலம் ஓடாமல் நின்ற வாகனம் என்பதால் வருமான அனுமதிப்பத்திர நிலுவை இருக்கும். பாவனையில் இல்லை என்று உரிய காலத்தில் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையெனில் நிலுவை யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். பாடசாலைச் சேவைக்கென இருந்த அனுமதி எதுவும் உங்களுக்கு வராது, தேவையும் இல்லை. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணம் பின்னர் வந்தால் மட்டும் 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தைப் பார்க்க வேண்டிவரும்.

கழிவறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். நம் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகும். கழிவுநீரை வளவிலோ வீதியோரத்திலோ திறந்துவிடுவது பொதுத்தொல்லைக் குற்றம். அதைவிட அது அயலவரின் குடிநீர். மூடிய தாங்கியும், அதை எங்கே வெறுமையாக்குவது என்று பிரதேச சபையுடன் பேசிய ஏற்பாடும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குப் பின்னால் இந்த பஸ்ஸில் ஒரு முறையாவது போகவேண்டும் என்று உங்கள் மனைவி ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நீதிமன்றமும் திணைக்களமும் எடுக்கும் காலத்தைப் பார்த்தால் வருகிற யாத்திரைக்கு அது இயலாது. அதற்கடுத்ததை நோக்கித் திட்டமிடுங்கள். அதுவரை பஸ் அந்த அம்மாவின் முற்றத்திலேயே நிற்கும் என்பதால், ஐப்பசி மழைக்கு முன் அதற்குக் கூரை போடுவது யார், பற்றரியையும் ரயர்களையும் பார்த்துக்கொள்வது யார், திறப்பு யாரிடம் என்ற மூன்றையும் உடன்படிக்கையின் கடைசிப் பந்தியில் சேர்த்து, இருவரும் இரு சாட்சிகளுக்கு முன் கையொப்பமிடுங்கள்.