கேட்டதும் சொன்னதும்: புகையைக் காட்டினால் போதுமா?

பேச்சுப்போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்கிறேன். எதிரணி சொன்னது தப்பு என்கிறார்கள். எங்கே தப்பு என்று கேட்டால் விழிக்கிறார்கள். வாதத்தைப் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டா?
– ஆசிரியை, கும்பகோணம்

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லித்தருவது இதைத்தான். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம்; அதாவது, நிறுவ வேண்டிய கூற்று. ‘புகை இருப்பதால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. எவ்வளவு நீளமான பேச்சையும் முதலில் இந்த மூன்று வரிகளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்குமொழியும் கைதட்டலும் உதிர்ந்துவிடும். பல பேச்சுகளில் ஏது என்ற வரி காலியாகவே கிடக்கும்.

ஏது கிடைத்துவிட்டால் அதை மூன்று இடங்களில் தேட வேண்டும். பேசப்படும் பொருளில் அது இருக்க வேண்டும். நாம் நிறுவ நினைக்கும் தன்மையுள்ள மற்றப் பொருள்களிலும், அதாவது சபக்கத்திலும், அது காணப்பட வேண்டும். அந்தத் தன்மை இல்லாத விபக்கத்தில் அது தலைகாட்டவே கூடாது.

ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரத்தை வைத்துப் பார்ப்போம். ‘உங்கள் மகன் தேறுவான், எங்களிடம் படிப்பதால், போன வருடம் தேறிய 40 பேரைப் போல.’ மகன் அங்கே சேர்ந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். முதல் சோதனை சரி. 40 பேரின் புகைப்படமும் இருக்கிறது, இரண்டாவதும் சரி. மூன்றாவதைத்தான் விளம்பரம் பேசாது. தேறாதவர்களில் அங்கே படித்தவர்கள் எத்தனை பேர்? 400 பேர் சேர்ந்திருந்தால் 360 பேர். தேறியவர், தேறாதவர் இரு தரப்பிலும் ஏது நிற்கிறது. இதற்கு அநைகாந்திகம் என்று பெயர்.

‘நிச்சயம் என்று சொல்லவில்லை, வாய்ப்பு கூடும் என்றுதானே சொல்கிறோம்’ என்று அவர்கள் இறங்கி வரலாம். அப்போது விகிதத்தைக் கேளுங்கள். அங்கே 10 பேரில் ஒருவர் தேறுகிறார். தானாகப் படித்தவர்களிலும் 10 பேரில் ஒருவர் தேறினால், அந்த 40 படங்கள் மையத்துக்குச் சாதகமாக எதையும் காட்டவில்லை.

மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது முதல் சோதனையில். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று கொண்டு நெருப்புக்குத் தாவுவதை மணிமேகலை ஒரு தனிக் குற்றமாகவே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த புள்ளிவிவரத்தை மேடையில் சொல்வதும் அதே கதைதான். அங்கே ‘முதலில் அது புகைதானா?’ என்று கேட்க வேண்டும். நெருப்பைப் பற்றிய சண்டை அப்புறம்.

வாதத்தின் உறுப்புகள் ஐந்து என்று படித்திருக்கிறேன். நீங்கள் மூன்றோடு நிறுத்துவது ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

நியாயம் என்ற தர்க்க மரபில் ஐந்து. ‘இந்த மலையிலும் புகை இருக்கிறது’ என்று பொருத்திக் காட்டும் உபநயமும், ‘ஆகவே நெருப்பு உண்டு’ என்று முடிக்கும் நிகமனமும் அதில் சேரும். மணிமேகலையும் ஐந்தையும் சொல்லிவிட்டு, கடைசி இரண்டையும் திட்டாந்தத்துக்குள் அடக்கிவிடுகிறது. எழுத்துக்கு மூன்று போதும். மேடைக்கு நிகமனத்தை விடாதீர்கள் என்பேன். பேச்சின் கடைசி வரியைப் பக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். ‘மதுக்கடை நேரத்தைக் குறைக்க வேண்டும்’ என்று தொடங்கியவர் ‘ஆகவே மது கேடு’ என்று முடிப்பார். கேடு என்பதை எதிரணியும் மறுக்கவில்லையே! நேரம் அப்படியே கிடக்கிறது.

புகை இருந்தால் நெருப்பு என்றால், புகை இல்லாவிட்டால் நெருப்பு இல்லை என்பதும் சரிதானே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சரியில்லை. உங்கள் வீட்டு கேஸ் அடுப்பைப் பாருங்கள். நீலச் சுடர் எரிகிறது, புகை இல்லை. பழைய நூல்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டும். திருப்ப வேண்டுமானால் மறுபுறமிருந்து திருப்புங்கள்: நெருப்பு இல்லாவிட்டால் புகை இல்லை, நீர்நிலையில் போல. மருத்துவப் பரிசோதனையிலும் இதே தவறு நடக்கும். ஓர் அறிகுறி இருந்தால் நோய் உறுதி என்பதால், அது இல்லாதவருக்கு நோய் இல்லை என்றாகிவிடாது.

புகைபிடிக்கும் டாக்டர் ‘புகைபிடிக்காதே’ என்றால் அந்த வாதம் எடுபடுமா?
– வாசகி, ஈரோடு

புகையிலை நுரையீரலைக் கெடுக்கும் என்பதுதான் அவர் தரும் ஏது. அவர் விரலிடுக்கில் சிகரெட் இருப்பதால் அந்த ஏது மாறாது. ‘நான் சொல்கிறேன், நம்பு’ என்பதையே ஏதுவாக வைத்தால் நிலைமை வேறு. அப்போது ஆளே சான்றாகிவிடுகிறார். அவருக்கு விஷயம் தெரியுமா, பொய் சொல்ல ஆதாயம் உண்டா என்று குடைய உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த டாக்டருக்குப் பொய் சொல்வதில் ஆதாயம் ஒன்றும் தெரியவில்லை.