காரை வலப்பக்கம் திருப்பும்போது, சாலையைக் கடப்பவர் திடீரென முளைத்ததுபோல் தெரிவது ஏன்?

முன்கண்ணாடி ஓரத்தில் கூரையைத் தாங்கும் ஏ-பில்லர்தான் காரணம். கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்கக் கூடாதென்று அதைத் தடிமனாக்கிவிட்டார்கள். உள்ளே இருப்பவருக்கு நல்லது, வெளியே நடப்பவருக்குத்தான் வம்பு.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் வலது பில்லர் கண்ணுக்கு மிக அருகில் இருக்கும். பில்லர் 10 செ.மீ. அகலம், கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் 14 மீட்டர் தள்ளி முக்கால் மீட்டர் அகலம் மறைந்துவிடும். ஓர் ஆள் முழுசாக மறைய அது போதும்.

அதைவிட மோசம், கார் திரும்பும்போது பில்லரும் கூடவே சுழல்வது. கடப்பவரின் நடை அந்தச் சுழற்சியோடு ஒத்துப்போனால் கடைசி நொடிவரை அவர் அதன் பின்னாலேயே இருப்பார். பைக்கில் வருபவருக்கும் இதே கதிதான்.

தலையை மட்டும் திருப்பினால் போதாது. சீட்டிலிருந்து முதுகை எடுத்து முன்னும் பின்னும் சாய்ந்து பாருங்கள், மறைந்த இடம் தெரியும். மெதுவாகத் திரும்புங்கள். பில்லரை ஒட்டி மொபைல் ஹோல்டரோ பிள்ளையார் சிலையோ இருந்தால் நடுவுக்கு நகர்த்துங்கள்; பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.